நைனர்ஸ் ரசிகர்களின் தீராத வழக்கு: குவார்ட்டர்பேக்கா, பயிற்சியாளரா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கக் கால்பந்து அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ், ரசிகர்கள் வாயில் சுருக்கமாக நைனர்ஸ், கடைசியாக சூப்பர் பௌல் (லீகின் இறுதி ஆட்டம்) கோப்பையைத் தூக்கியது 1995 ஜனவரியில். அதன்பின் மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய் மூன்றிலும் தோற்றிருக்கிறது. இந்த ஆறாத புண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பதுதான் ரசிகர்களின் முழுநேரப் பொழுதுபோக்கு. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வேலைக்காக வந்து சேர்ந்த தமிழர்கள் பலருக்கு, சான்டா கிளாராவில் இருக்கும் அணியின் சொந்த மைதானமான லீவைஸ் ஸ்டேடியம் முதலில் ஞாயிற்றுக்கிழமைப் போக்குவரத்து நெரிசலாகத்தான் அறிமுகமாகிறது. பிறகு திங்கட்கிழமை அலுவலகச் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதமாக. வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் குவார்ட்டர்பேக்கா பயிற்சியாளரா என்ற அந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

களத்தில் பதினொரு பேர் நிற்க, ஒரே ஒருவருக்காக ஏன் இத்தனை சண்டை?

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வருவதில் தொடங்குகிறது. அதை இன்னொருவரிடம் கொடுத்து ஓடவிடுவதா, முன்னால் ஓடுகிறவருக்கு எறிவதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள். கிரிக்கெட்டில் எல்லா ஓவர்களையும் கேப்டனே வீச வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் சண்டையின் வேர் இதுவல்ல. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கிறது. ஒரு முயற்சி முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம். அந்த நேரத்தில் பயிற்சியாளர் வியூகத்தைக் காதில் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மீதம் இருக்கும்போது அந்த இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். அதுவரை நடந்தது பயிற்சியாளரின் மூளை. அதற்குப் பின் நடப்பது ஆட்டக்காரரின் மூளையும் கையும் நெஞ்சுரமும். வெற்றியில் எவருக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க முடியாத சொத்தில்தானே வழக்கு நீளும்?

மான்டனாவா, யங்கா? இன்னும் எத்தனை வருடம் இதைப் பேசுவார்கள்?

பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்வரை பேசுவார்கள். குவார்ட்டர்பேக் ஜோ மான்டனா 1979 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு) 82-வது ஆளாக, மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அதே ஆண்டு பயிற்சியாளராக வந்த பில் வால்ஷ், நீண்ட எறிதல்களை நம்பாமல் குட்டையான, நேரம் தவறாத எறிதல்களால் எதிரணியைத் துண்டு துண்டாக வெட்டும் ஒரு முறையை வளர்த்தார். ஆட்டத்தின் முதல் பல முயற்சிகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார். இந்த இருவரும் சேர்ந்து மூன்று கோப்பைகள் வென்றார்கள். வால்ஷ் விலகிய பின் ஜார்ஜ் சீஃபர்ட் பயிற்சியில் மான்டனா நான்காவதையும் வென்றார். ‘மான்டனாவை உருவாக்கியது வால்ஷ்’ என்றும், ‘வால்ஷை மேதையாக்கியது மான்டனா’ என்றும் அப்போதே இரண்டு கட்சி உண்டு.

1987-ல் வால்ஷ், டாம்பா பே அணியிலிருந்து இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஸ்டீவ் யங்கை வாங்கினார். நான்கு ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராகவே காத்திருந்தார் யங். 1991 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் மான்டனா மோசமாகச் சாய்க்கப்பட்டு வெளியேறினார். பிறகு முழங்கைக் காயமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு சீசன் போனது. 1992-ல் யங் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினார். அப்போதும், அந்த டிசம்பரில் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக இரண்டாம் பாதியில் மான்டனா களமிறங்கியபோது நைனர்ஸின் அன்றைய சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் எழுப்பிய கூச்சல், யாருடைய வீடு இது என்று யங்குக்குப் புரியவைத்திருக்கும். 1993 ஏப்ரலில் மான்டனா கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்குப் போனார். மறு ஆண்டே அவருடைய சீஃப்ஸ், யங்கின் நைனர்ஸை 24-17 என்று தோற்கடித்தது. ரசிகர்களில் பாதிப் பேர் வருந்தினார்களா மகிழ்ந்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

நான் யங் கட்சிக்காரன். காரணம் ஒரே ஒரு பிற்பகல். 1994 அக்டோபர் 2-ம் தேதி பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 40-8 என்று உதை வாங்கிக்கொண்டிருந்தபோது சீஃபர்ட் அவரை நடுவில் வெளியே அழைத்துவிட்டார். யங் களத்தின் ஓரத்தில் நின்று, கேமராக்கள் எல்லாம் பார்க்க, பயிற்சியாளரை நோக்கிக் கத்திய கத்தல்! ஏழு ஆண்டு அடக்கி வைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்தது. அந்த சீசன் முடிவில், 1995 ஜனவரி 29 அன்று, சான் டியாகோவை 49-26 என்று வீழ்த்திய சூப்பர் பௌலில் ஆறு டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடப்பது, ஆறு புள்ளி) எறிந்தார்.

அலெக்ஸ் ஸ்மித்தை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை, நெஞ்சு பொறுக்காமல் தள்ளிப்போட்டேன். 2005 டிராஃப்டில் முதல் தேர்வு நைனர்ஸிடம் இருந்தது. பக்கத்து பெர்க்லியில் ஆடிக்கொண்டிருந்த, நைனர்ஸ் ரசிகராகவே வளர்ந்த ஆரன் ராஜர்ஸை விட்டுவிட்டு ஸ்மித்தை எடுத்தார்கள். ராஜர்ஸ் 24-வது தேர்வாக கிரீன் பே அணிக்குப் போனார். அங்கே அவர் பெரும் நட்சத்திரமானது ஊருக்கே தெரியும். ஸ்மித் பாவம், ஆண்டுக்கொரு தாக்குதல் பயிற்சியாளரைப் பார்த்துத் தடுமாறினார். தலைமைப் பயிற்சியாளராக ஜிம் ஹார்பா வந்து அவரை நிமிர்த்தினார். 2012 நவம்பரில் தலையில் அடிபட்டதும் அதே ஹார்பா அவரை உட்காரவைத்து காலின் கேப்பர்னிக்கைத் தொடர்ந்து ஆடவிட்டார். அந்த சீசனின் சூப்பர் பௌலில் ஐந்து யார்டு தொலைவிலிருந்து கேப்பர்னிக் எறிந்த மூன்று எறிதலும் வீணாகி, பால்டிமோரிடம் 34-31 என்று தோற்றார்கள். எதிரணிப் பயிற்சியாளர் ஜிம்மின் அண்ணன் ஜான் ஹார்பா.

டிரே லான்ஸ் பேரம்தான் இந்த அணியின் வரலாற்றிலேயே மோசமான முடிவா?

காகிதத்தில் பார்த்தால் ஆமாம். 2021-ல் டிராஃப்டின் மூன்றாம் இடத்துக்கு ஏறுவதற்காக, மயாமிக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தார் பயிற்சியாளர் கைல் ஷனஹன். பொது மேலாளர் ஜான் லின்ச்சுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லோரும் அலபாமா பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ் என்று எதிர்பார்க்க, எடுத்தது கல்லூரியில் ஒரே ஒரு முழு சீசன் ஆடியிருந்த லான்ஸை. அவர் நைனர்ஸுக்காகத் தொடங்கிய ஆட்டங்கள் நான்கே நான்கு. இரண்டாம் ஆண்டின் இரண்டாம் வாரத்தில் கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸ் அணிக்கு விற்றுவிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்தப் பேரத்தில் நைனர்ஸ் கைவிட்ட 2021-ன் 12-வது தேர்வு கைமாறிக் கைமாறி டாலஸிடம்தான் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதில் எடுத்தது மைக்கா பார்சன்ஸ் என்ற தடுப்பாட்டப் புயலை.

ஆனாலும் அணி மூழ்கவில்லை. 2021, 2022, 2023 மூன்று சீசனிலும் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் (சூப்பர் பௌலுக்கு முந்தைய படி) வரை போனது. ஏன் மூழ்கவில்லை என்பதற்கு அடுத்த பதில்.

கடைசி ஆளாக வந்த பர்டி உண்மையிலேயே திறமைசாலியா, ஷனஹன் செய்த பொம்மையா?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காக.

2022 டிராஃப்டில் மொத்தம் 262 தேர்வுகள். 262-வது ஆள் பிராக் பர்டி. கடைசி ஆளுக்கு ‘யாருக்கும் பொருட்டில்லாதவர்’ என்று கேலிப் பட்டம் கொடுத்து விழா எடுப்பது அங்கே வழக்கம். லான்ஸ் விழுந்து, அவருக்குப் பதிலாக ஆடிய ஜிம்மி கரப்போலோவின் பாதம் முறிந்து, வேறு வழியில்லாமல் டிசம்பரில் பர்டி இறங்கினார். தோற்காமல் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2023-ல் 4,280 யார்டுகள், 31 டச்டவுன். அணியின் ஒரே சீசன் யார்டு சாதனையை இரண்டு யார்டு வித்தியாசத்தில் முறியடித்தார்.

‘பொம்மை’ கட்சியின் வாதம் வலுவற்றதல்ல. ஷனஹனின் வியூகத்தில் பந்து கைக்கு வருமுன்பே ஆட்கள் இடம் மாறி எதிரணியின் திட்டத்தைக் காட்டிக்கொடுக்க வைக்கிறார்கள்; ஓட்டம் என்று நம்பவைத்து எறிகிறார்கள். பந்தை வாங்கியவர்கள் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, டீபோ சாமுவேல், ஜார்ஜ் கிட்டில். இவர்களோடு நானும் நன்றாக எறிவேன் என்பார்கள். நல்லது, அதே வியூகம், ஏறத்தாழ அதே ஆட்களோடு கரப்போலோவும் எறிந்தார். 2023-ல் பர்டி எட்டிய உயரத்தை அவர் நைனர்ஸில் எட்டவில்லை. முதல் திட்டம் உடைந்து, தடுப்பவர்கள் சிதறி, கூட்டத்தில் வளைந்து நெளிந்து வெளியே வந்து, பிறகு ஒருவரைக் கண்டுபிடிக்கிறாரே பர்டி, அதை எந்தப் பயிற்சியாளரும் ஹெல்மெட்டில் சொல்லித்தர முடியாது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். 2023 கிறிஸ்துமஸ் இரவு பால்டிமோரிடம் நான்கு பந்துகளை எதிரணிக்குத் தூக்கிக் கொடுத்ததும் இதே பர்டிதான். துணிச்சலுக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் அவர் இன்னும் நிரந்தரமாக ஓர் இடம் பிடிக்கவில்லை.

2023 ஜனவரி 29 அன்று அவருக்குக் காயம் பட்டிருக்காவிட்டால்?

கேட்காதீர்கள், தூக்கம் போய்விடும். பிலடெல்பியாவில் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். முதல் கால் பகுதியிலேயே எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஹசான் ரெடிக், பர்டியின் எறியும் கையில் மோதினார். முழங்கைத் தசைநார் கிழிந்தது. அடுத்து வந்த நான்காம்நிலை ஆட்டக்காரர் ஜோஷ் ஜான்சனுக்கு மூன்றாம் கால் பகுதியில் தலையில் அடி. வேறு குவார்ட்டர்பேக் இல்லை. பர்டியே திரும்பி வந்தார். எறிய முடியாத கையோடு நின்று, பந்தை வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார். மீண்டும் வாங்கினார், மீண்டும் கொடுத்தார். அவர் எறியப்போவதில்லை என்பது எதிரணிக்கும் கூட்டத்துக்கும் தெரியும். 31-7. அடுத்த சீசனிலிருந்து அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்ள லீக் விதியையே மாற்றியது. விதியை மாற்ற வைத்த பெருமை மட்டும் நமக்கு.

சூப்பர் பௌல் கூடுதல் நேரத்தில் முதலில் பந்தைக் கேட்டது ஷனஹனின் முட்டாள்தனமா?

2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ். கன்சாஸ் சிட்டியுடன் 19-19 என்று சமன். பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்று) கூடுதல் நேரத்துக்குப் புதிய விதி: முதல் அணி டச்டவுனே எடுத்தாலும் இரண்டாம் அணிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அப்படியானால் எவ்வளவு தேவை என்று தெரிந்துகொண்டு இரண்டாவதாக ஆடுவதே மேல் என்பது பொது அறிவு. நைனர்ஸ் நாணயச் சுண்டலில் வென்று, முதலில் ஆடுவதாகச் சொன்னது. 22-19 என்று முன்னே போனது. கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் டச்டவுன் எடுத்து 25-22 என்று முடித்தார். புதிய விதி தங்களுக்குத் தெரியாது என்று சில நைனர்ஸ் ஆட்டக்காரர்களே பிறகு சொன்னது மானத்தை வாங்கியது.

ஷனஹனின் கணக்கு: இரு அணியும் சமமாக எடுத்தால் மூன்றாவது வாய்ப்பு நமக்கு, அப்போது எதை எடுத்தாலும் வெற்றி. அவருடைய தடுப்பணி அப்போதுதான் நீண்ட தாக்குதலைத் தாங்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. நாணயத்துக்காக அவரைத் தூக்கில் போட நான் சம்மதிக்க மாட்டேன். தோல்வி நடந்தது வேறிடத்தில்: கன்சாஸின் 9 யார்டு கோட்டில், மூன்றாவது முயற்சியில், கிறிஸ் ஜோன்ஸ் என்ற மலையைத் தடுக்க யாருமே இல்லை. அவர் நேராகப் பர்டியிடம் வந்தார். பந்து தவறியது, டச்டவுனுக்குப் பதில் மூன்று புள்ளி. முன்னதாக நான்காம் கால் பகுதியில் ஒரு கூடுதல் புள்ளி உதையும் தடுக்கப்பட்டிருந்தது.

ஷனஹன் மீது உண்மையான வழக்கு வேறு இரண்டு. 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவின் தாக்குதல் பயிற்சியாளராக 28-3 என்று முன்னணியில் இருந்து தோற்றபோது, 28-20 என்ற நிலையில் எதிரணியின் 22 யார்டு அருகே பந்து இருந்தது. ஓடி நேரத்தைக் கடத்தி ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். எறியச் சொன்னார், பின்னால் தள்ளப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் நைனர்ஸோடு 20-10 என்று இருந்து 31-20 என்று தோற்றது இரண்டாவது. முன்னணியைக் காப்பாற்றத் தெரியாதவர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

அப்படியானால் ஏன் அவரை நீக்கக் கூடாது?

ஹார்பாவை அனுப்பிவிட்டு ஜிம் டாம்சுலாவை வைத்தார்கள்: 5-11. பிறகு சிப் கெல்லி: 2-14. இதைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பர்டிக்கு 26.5 கோடி டாலர் தகுமா?

2025 மே மாதம் ஐந்து ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது. சராசரியாக ஆண்டுக்கு 5.3 கோடி. லீகில் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 2025-ல் அது 27.92 கோடி. பர்டி ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்கும் குறைவாகச் சம்பளம் வாங்கியபோது, மிச்சப் பணத்தில் எல்லா இடத்துக்கும் நட்சத்திரங்களை வாங்க முடிந்தது. லான்ஸ் பேரத்தின் நஷ்டத்தை அடைத்தது இந்த மலிவுதான். இனி அந்த வசதி இல்லை. அவர் கையெழுத்திடும் முன்பே, அந்த மார்ச்சிலேயே, சாமுவேல், ட்ரே கிரீன்லா, ஹுஃபாங்கா, சார்வேரியஸ் வார்டு என்று ஒரு பட்டாளமே வெளியேறியது. தகுமா என்றால், சந்தை விலை அதுதான். கொடுக்காவிட்டால் மறுபடி 2021-ல் செய்தது போல டிராஃப்டில் சூதாட வேண்டும். நான் கொடுத்திருப்பேன்.

மேக் ஜோன்ஸே போதும் என்கிறார்களே?

2021-ல் எடுக்காமல் விட்ட அதே ஜோன்ஸ் 2025-ல் மாற்று ஆட்டக்காரராக வந்து, பர்டியின் கால்விரல் காயத்தின்போது எட்டு ஆட்டங்களில் ஐந்தை வென்றார். ‘பொம்மை’ கட்சிக்கு அது தீபாவளி. பர்டி ஆடிய ஒன்பதில் ஏழு வெற்றி என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இன்னொரு சீட்டு இருக்கிறது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை: 2023-ல் பர்டிக்கு மாற்றாக உட்கார்ந்திருந்த சாம் டார்னால்ட், 2025 சீசனில் சியாட்டில் அணிக்குச் சூப்பர் பௌலையே வென்று கொடுத்தார். அதுவும் நம் லீவைஸ் ஸ்டேடியத்தில்.

காயங்களுக்குப் பயிற்சி மைதானத்தின் பக்கத்தில் இருக்கும் துணை மின்நிலையம் காரணமாமே?

2025-ல் நிக் போசா, ஃபிரெட் வார்னர், பிளேஆஃபில் கிட்டில் என்று வரிசையாக விழுந்ததும் இந்தக் கதை பரவியது. அணி 1988 முதல் சான்டா கிளாராவில்தான் பயிற்சி செய்கிறது. ஐந்து கோப்பைகளில் மூன்று அதன் பிறகு வந்தவை.

பிளேஆஃப் கணக்கு எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. சுருக்கமாக?

32 அணிகள், இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் நான்கு டிவிஷன். டிவிஷன் வென்ற நால்வருக்கும் முதல் நான்கு இடம். மீதியில் சிறந்த மூவர் வைல்டு கார்டு. முதல் இடத்தவருக்கு மட்டும் முதல் வாரம் ஓய்வு, சூப்பர் பௌல் வரை எல்லாம் சொந்த மைதானம்.

இதன் கொடூரம் 2025 சீசனில் தெரிந்தது. கடைசி வாரத்துக்கு முன் சிகாகோவை 42-38 என்று வென்ற நைனர்ஸ், சியாட்டிலையும் சொந்த ஊரில் வென்றால் கான்ஃபரன்ஸில் முதல் இடம். தோற்றது, 13-3. முன்வாரம் 42 எடுத்த அணிக்கு மூன்றே புள்ளி. ஓய்வுக்குப் பதில் ஆறாம் இடம்; 12-5 என்ற நல்ல கணக்கோடு பிலடெல்பியாவுக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று. அங்கே 23-19 என்று வென்றார்கள். அடுத்த வாரம் சியாட்டில் தொடக்க உதையையே திருப்பிக் கொண்டுவந்து டச்டவுன் ஆக்கியது. 41-6.

இனி நம்பிக்கை வைக்கலாமா?

பிளேஆஃபுக்குப் போவதில் வைக்கலாம். ஷனஹனின் அணிகள் ஆரோக்கியமாக இருந்தால் போய்விடும். சூப்பர் பௌல் என்றால், குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வயதைப் பாருங்கள். குவார்ட்டர்பேக்கின் இடது பக்கத்தைக் காக்கும் டிரென்ட் வில்லியம்ஸ் 1988-ல் பிறந்தவர். மெக்காஃப்ரி 1996-ல் பிறந்தவர். 2025-ல் மட்டும் ஓடியும் எறிதலை வாங்கியும் 400 முறைக்கு மேல் பந்தைக் கையாண்டார், அந்த வயதில் அது நல்ல சகுனமல்ல. கிட்டில் குதிகால் தசைநார் அறுந்து கிடந்தவர். இதே டிவிஷனில் சியாட்டிலும் ராம்ஸும் ஆண்டுக்கு நான்கு ஆட்டங்களில் குறுக்கே நிற்கின்றன. தாக்குதல் வரிசைக்கு இளம் கால்கள் வராவிட்டால், பர்டியா ஜோன்ஸா என்ற சண்டையை ஜனவரி நடுவிலேயே மறுபடி தொடங்கிவிடலாம்.